மேப் வேண்டாம், சார்

மாமாவுக்கு அந்த பைக் மலையிலிருந்து வந்தது. ஏலத்தோட்ட முதலாளி ஒருவரின் மகன் வெளிநாட்டுக்குப் போகும்போது கைமாற்றிவிட்டுப் போனது. அதற்குமுன் அவன் அதை இஷ்டத்துக்கு மாற்றியிருந்தான். கம்பெனி சைலன்ஸரைக் கழற்றிவிட்டுக் குட்டையாக ஒரு குழாய். காற்று போகிற பெட்டியை எடுத்துவிட்டு வாய் திறந்த ஒரு ஃபில்டர். பார்க்க மிடுக்குதான். ஆனால் தட்டையான ரோட்டிலேயே இருமும். மலை ஏறினால் வெட்டி வெட்டி இழுக்கும். கொண்டைஊசி வளைவில் வேகத்தைக் குறைத்தால் அப்படியே அணைந்துவிடும்.

மாமா என் அம்மாவுடன் பிறந்த தம்பி. ஏலக்காய் எடுக்கப் போகும் பொம்பளைகளைக் கம்பத்திலிருந்து மலைக்கு ஏற்றிப்போகும் ஜீப்பில் வெகுநாள் டிரைவராக இருந்தவர். ஜீப் முதலாளி வண்டியை விற்றபிறகு, தோட்டத்திலேயே கங்காணி வேலை கிடைத்தது. அதில் ஒரே ஒரு கண்டிஷன். ஆள் ஜீப்புகள் வந்து நிற்பதற்குமுன் கங்காணி அங்கே நிற்க வேண்டும். யார் எந்தப் பக்கம் என்று பிரித்துவிட வேண்டும். அவருக்குமுன் இருந்தவரைப் பிந்தி வந்தார் என்றுதான் நிறுத்தியிருந்தார்கள். அந்த விடியற்காலை நேரத்துக்கு பஸ் கிடையாது. ஆள் ஏற்றும் ஜீப்பிலேயே தொற்றிக்கொண்டு போனால், ஆள்களோடு ஆளாகத்தான் போய் இறங்க முடியும். ஆகவே பைக் மலை ஏறியாக வேண்டும்.

உத்தமபாளையத்தில் இரண்டு மெக்கானிக்குகளிடம் காட்டினோம். இரண்டாமவர் டேங்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார்.

“கார்புரேட்டர் இருந்தா ஒரு திருகு திருகி விட்ருவேண்ணே. இது இஞ்ஜெக்‌ஷன். உள்ள கம்ப்யூட்டர் உக்காந்திருக்கு. இங்கன யாரும் தொட மாட்டாக.”

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. “கம்ப்யூட்டரா? அதுக்கு நம்ம வீட்டுலயே ஆளு இருக்கே!”

அந்த ஆள் நான். பி.இ. மெக்கானிக்கல். அம்மா வழியிலும் அப்பா வழியிலும் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். எங்கள் பாடத்தில் இஞ்ஜெக்‌ஷன் டீசல் என்ஜினோடு முடிந்துவிட்டது. அதையும் ஒரு படமாகத்தான் வரைந்து மார்க் வாங்கியிருந்தேன். அன்றைக்கு நான் அதைச் சொல்லவில்லை. “பாக்கலாம் மாமா” என்றேன்.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடியதில் விஷயம் பிடிபட்டது. சைலன்ஸரும் ஃபில்டரும் மாறியதால் என்ஜினுக்குள் காற்று கூடுதலாகப் போகிறது. வண்டியின் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. பழைய கணக்கிலேயே பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. நடுவில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினால் அது பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். அதற்குப் பெயர் டியூனர். கிடைக்கக்கூடியது இரண்டு. ஒன்று பெங்களூர்க் கடையில் விற்கும் வெளிநாட்டுப் பெட்டி. மற்றது கோயம்புத்தூரில் ஒருவர் தானே செய்து கொடுப்பது.

பெங்களூருக்கு போன் போட்டு விசாரிப்பதை வீட்டில் வைத்து முடித்திருக்கலாம். மாமா விடவில்லை. கம்பத்தில் ஜீப் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடைக்குக் கூட்டிப்போனார். அவருடைய பழைய சேக்காளிகள் அத்தனை பேரும் அங்கேதான்.

“வண்டிக்கு இஞ்ஜெக்‌ஷனாம்ல மாப்ள?” என்றார் ஒரு டிரைவர் என்னைப் பார்த்து. “கையிலயா, இடுப்புலயா?”

“ஏலே, ஒனக்குப் போடணும்டா நாக்குல,” என்றார் மாமா. “சும்மா இரு. மருமகன் இங்கிலீசுல பேசப்போறான்.” போனை என்னிடம் கொடுக்கும்போதே ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

காலையிலிருந்து மனசுக்குள் ஓட்டிப்பார்த்து வைத்திருந்த வாக்கியங்களைச் சொன்னேன். வண்டி என்ன, சைலன்ஸர் என்ன, எங்கே இடறுகிறது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெங்களூர்க் கடைக்காரர் இடையில் ஆங்கிலத்தில் கேட்டார்: “உங்களுக்கு எந்த மேப் வேணும்?”

அதை நான் எதிர்பார்க்கவில்லை. கூரியர்காரன் வழி தெரியாமல் திண்டாடக் கூடாதென்று கேட்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கம்பம் என்றால் பெங்களூரில் யாருக்குத் தெரியப்போகிறது?

“மேப் வேண்டாம், சார்,” என்றேன் ஆங்கிலத்தில். “தேனி வரைக்கும் கூரியர் வரும். கூரியர் ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம்தான்.”

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. அவர் வாயைத் திருப்பி யாரிடமோ நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வதும், இன்னொருவர் சிரிப்பதும் கேட்டன. “ரோட் மேப் இல்ல பாஸ், ஃப்யூல் மேப்” என்றார். அதற்கப்புறம் அவர் விளக்கியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

டீக்கடையில் ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. ஆனால் சிரிப்பு எல்லோருக்கும் புரியும். அங்கே சிரிக்கிறார்கள் என்றதும் இவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

“பாத்தியா?” என்று மாமா டீ கிளாஸை உயர்த்திக் காட்டினார். “பெங்களூர்க்காரனையே சிரிக்க வச்சுப் பேசுறான்!”

“நல்லாப் பேசுறாக தம்பி,” என்றார் டீ போடுகிறவர். எனக்கு அன்று காசில்லாமல் ஒரு வடை வந்தது. காது மடலெல்லாம் எரிய, அதைத் தின்று முடித்தேன்.

மறுநாள் பிரவுசிங் சென்டரில் அந்தச் சொல்லைத் தேடிப் படித்தேன். எந்த வேகத்தில், எவ்வளவு ஆக்ஸிலேட்டர் முறுக்கினால், எவ்வளவு பெட்ரோல் என்று கட்டம் கட்டமாக எழுதிவைப்பதுதான் மேப். பெங்களூர்ப் பெட்டியில் இரண்டு மேப் வைத்துக்கொள்ளலாம்; ஒரு ஸ்விட்சைத் தட்டி மாற்றிக்கொள்ளலாம். சமவெளிக்கு ஒன்று, காற்று மெலிந்த மலைக்கு ஒன்று. மாமாவுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. ஆனால் அதை வாங்க மறுபடி அந்த நம்பருக்குப் பேச வேண்டும். “ஆ, மேப் வேண்டாம் பார்ட்டியா?” என்று அவர் கேட்பதாக நினைத்துப் பார்த்தேன். கோயம்புத்தூர் நம்பரைப் போட்டேன்.

கோயம்புத்தூர்க்காரர் தமிழில் பேசினார். எந்த மேப் என்றும் கேட்கவில்லை. அவர் பெட்டியில் ஒரு திருகாணி மட்டும்தான். திருகினால் பெட்ரோல் கூடும், எல்லா இடத்திலும் ஒரே அளவாக.

“எது மாப்ள நல்லது?” என்று மாமா கேட்டார்.

“கோயம்புத்தூர்தான் மாமா. அது சிம்பிள். ரிப்பேர் வராது.”

“நீ சொன்னாச் சரி.”

பெட்டி வந்தது. நானே மாட்டினேன். கம்பத்துத் தெருக்களில் வண்டி எண்ணெய் விட்டதுபோல ஓடியது. மாமா என்னைத் தூக்காத குறை. ஒரு வாரம் கழித்து, போகப் போக எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “அருமையா இருக்கு” என்றார். அத்தைதான் போகிற போக்கில் சொன்னாள்: “முன்ன விட வெள்ளனத்துல கெளம்பிடுறாக. என்னமோ வழியில நின்னு திருகணுமாம்ல.”

அதைப் பார்த்துவிடுவது என்று ஒருநாள் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். கம்பம்மெட்டு ரோட்டில் பாதி மலைவரை சிங்கம்போல ஏறியது. அதற்கப்புறம் கரும்புகை. பெட்ரோல் நாற்றம் கண்ணைக் கரித்தது. மாமா பழகிய கையோடு வண்டியை ஓரங்கட்டி, சாவியால் சீட்டைத் திறந்து, சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பெட்டிக்குமேல் குனிந்து முதுகால் மறைத்துக்கொண்டு, பெட்ரோல் குறையும்படி திருகினார். சாயங்காலம் இறங்கும்போது இதே இடத்தில் திருப்பி வைப்பாராம்.

கீழிருந்து ஒரு ஆள் ஜீப் ஏறி வந்து எங்களைத் தாண்டியது. பின்னாலிருந்து ஒரு பொம்பளை கத்தினாள்: “என்ன கங்காணியாரே, வண்டிக்கு வைத்தியமா?”

“வைத்தியம் இல்ல ஆத்தா!” மாமா நிமிர்ந்து சத்தமாகச் சொன்னார். “மலைக்கு ஒரு செட்டிங்கு, ஊருக்கு ஒரு செட்டிங்கு. எம் மருமகன் ஏற்பாடு! இந்தா, இவன்தான்!”

ஜீப்பின் பின்பக்கம் இருந்த முகங்களெல்லாம் என்னைப் பார்த்தன. ஒரு கிழவி கையைத் தூக்கி வாழ்த்துவதுபோலக் காட்டினாள்.

“மாமா,” என்றேன். “பெங்களூர்ப் பெட்டி வாங்கியிருந்தா இப்படி நிக்க வேண்டியதில்ல. அதுல ஸ்விட்சு இருந்துச்சு. எனக்குத் தெரியும்.”

சீட்டை அழுத்தி மூடினார். நான் சொன்னது கேட்டதா இல்லையா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. ஜீப் போன திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏறு மாப்ள, ஏறு. அந்த ஜீப்ப முந்தணும்.”

வண்டி அடுத்த வளைவிலேயே ஜீப்பை எட்டிவிட்டது. தாண்டும்போது மாமா ஹாரனை விடாமல் அடித்தார். பொம்பளைகள் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். நான் அவருடைய நனைந்த முதுகில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டேன், அவர்கள் கண்ணில் படாதபடி.