எண்பதுக்கு மேல் வந்த சத்தம்

ராஜகீழ்ப்பாக்கத்தில் அக்தரின் ஒர்க்ஷாப் பெயர்ப்பலகை துருப்பிடித்து ஆறேழு வருடம் ஆகிறது. யாரும் அதைப் பார்த்து வருவதில்லை. "பாய் கிட்ட காட்டு, காதாலயே கண்டுபிடிச்சிடுவாரு" என்று ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவார். பானெட்டைத் திறக்காமலே, வண்டி உள்ளே நுழையும்போதே இன்ன கோளாறு என்று சொல்லிவிடுகிற மனிதர். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரக் கர்வமும் உண்டு.

ஐம்பத்தாறு வயதில் அந்தக் காது அவரை மெல்லக் கைவிட ஆரம்பித்தது. முப்பத்தைந்து வருடம் கம்ப்ரசர் பக்கத்திலும் டிங்கரிங் சுத்தியல் பக்கத்திலும் நின்ற காது. பள்ளிவாசல் பாங்கு கேட்டது, லாரி ஹாரன் கேட்டது, ஆட்கள் பேசுவதும் கேட்டது. மெல்லிய, கூரான சத்தங்கள் மட்டும் போய்விட்டன.

"குக்கர் நாலு விசில் அடிச்சிடுச்சு. பக்கத்துலயேதானே உக்காந்திருந்தீங்க?" என்று மனைவி பரிதா கேட்ட அன்று அவருக்கே சுருக்கென்றது. டாக்டரிடம் போகலாம் என்றாள். வயசானால் அப்படித்தான் என்று பேச்சை முடித்துவிட்டார்.

ஆகஸ்ட் மாதம் ஆஸ்டின் சார் காரைக் கொண்டுவந்தார். பள்ளிக்கரணையில் வீடு, கணக்கு வாத்தியார், பன்னிரண்டு வருட வாடிக்கை.

"எண்பதுக்கு மேல போனா ஊய்ங்னு ஒரு சத்தம் வருது பாய். ஸ்பீடு குறைச்சா நின்னுடுது."

இருவரும் பைபாஸுக்குப் போனார்கள். ஆஸ்டின் ஓட்டினார். அக்தர் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். எண்பது. தொண்ணூறு.

"இதோ, இப்ப கேக்குதில்ல?"

காற்றின் இரைச்சலைத் தவிர அக்தருக்கு எதுவும் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் வாய் திறந்தார். ஆனால் தன் காதை நம்பி இத்தனை வருடம் வந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்துவிட்டது.

"டயர் சத்தம் சார். தேய்மானம் ஒரே மாதிரி இல்ல. முன்னாடி டயரைப் பின்னாடி மாத்திப் போட்டா சரியாயிடும்."

மாற்றியும் போட்டார். வண்டி ஜாக்கில் நின்றபோது சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஸ்பிரிங் மேல் கை வைத்திருந்தால், உள்ளே பேரிங் தேய்ந்து அரைப்பது விரலுக்கே தெரிந்திருக்கும். இரண்டு நிமிட வேலை. இத்தனை காலம் காதே சொல்லிவிட்டதால், கையால் தேடும் பழக்கம் அவருக்கு விட்டுப்போயிருந்தது.

சத்தம் நிற்கவில்லை; பாய் பார்த்த வண்டிதானே என்று ஆஸ்டின் விட்டுவிட்டார். மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, ஆஸ்டின் தன் அப்பா சாலமோனைக் கண் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு அதே பைபாஸில் போனார். வலது முன்சக்கரம் திடீரென்று இறுகிக்கொள்ள, வண்டி நடுத் தடுப்பில் போய் மோதியது. ஆஸ்டினுக்குத் தோளெலும்பு முறிந்தது. எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். அடக்கத்துக்கு அக்தரும் போய்க் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தார்.

போலீஸ் வேலையெல்லாம் முடிந்ததும் வண்டியை அவரிடமேதான் இழுத்து வந்தார்கள். ஆஸ்டினுக்கு வேறு யார்மேலும் நம்பிக்கை இல்லை. இருபது வருடமாகக் கூட இருக்கும் டிங்கர் துளசிங்கம்தான் சக்கரத்தைக் கழற்றினார்.

"இன்னா பாய் இது, பேரிங்கு நீலமா எரிஞ்சி கீது?"

அக்தர் அதைக் கையில் வாங்கினார். உள்ளிருந்த இரும்புக் குண்டுகள் பொடிந்து உதிர்ந்தன. அன்று சத்தம் கேட்காமலேயே டயர் என்று சொல்லிவிட்டதைச் சொன்னார். விஷயத்தைக் கேட்ட துளசிங்கம் குரலைத் தாழ்த்தினார்.

"உட்டுடு பாய். வேகமா போனேன்னு சாரே போலீஸ்ல எழுதிக் குட்த்துட்டாரு. நீ வாயத் தொறக்காத."

மறுநாள் ஆஸ்டின் வந்தார். கை கட்டுப்போட்டுத் தொங்கியது, கண்கள் குழிவிழுந்திருந்தன. நொறுங்கிய முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தொண்ணூத்தஞ்சுல போனேன் பாய். மெதுவாப் போடான்னாரு அப்பா. நான்தான் கேக்கல. கண்ணை மூடினா அதுதான் வருது."

அக்தர் துளசிங்கத்தைப் பார்த்தார். துளசிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்தப் பாரத்தை இந்த மனிதர் சாகும்வரை சுமப்பார்.

"வேகத்தால இல்ல சார்." பேரிங்கை ஆஸ்டினின் முன்னால் வைத்தார். "நீங்க அன்னைக்குச் சொன்ன சத்தம் இதுதான். எனக்கு அது கேக்கவே இல்ல. காது போயிடுச்சு. சொல்ல வெக்கப்பட்டு டயர்னு பொய் சொல்லிட்டேன்."

ஆஸ்டின் நல்ல கையால் பேரிங்கைப் புரட்டிப் பார்த்தார்.

"கேக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற யார்கிட்டயாவது காட்டியிருப்பேனே பாய்" என்றார். குரல் உயரவில்லை. திரும்பி நடந்து போய்விட்டார்.

அந்த வாரம் பரிதாவுடன் போய்க் காதைச் சோதித்துக்கொண்டார் அக்தர். போனது இனித் திரும்பாது என்றார் டாக்டர். காதுக் கருவி போட்டுக்கொண்டு அந்தக் காருக்குப் புது பேரிங்கும் அது உட்காரும் ஹப்பும் மாட்டினார். வெளிப்பக்கத்தைத் துளசிங்கம் சரிசெய்தார். இருவருமாக பைபாஸில் நாலு தடவை ஓட்டிப் பார்த்தார்கள். "சுத்தமா கீது பாய், போதும்" என்று துளசிங்கம் சொல்லியும், வளைவில் வலமும் இடமும் ஒடித்து இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்.

வண்டியை எடுக்க ஆஸ்டினின் மனைவி ஈவ்லின் வந்தாள்.

"நீங்க சொன்ன அன்னைக்குத்தான் அவர் முதல் தடவையா தூங்கினார் பாய்" என்றாள். பிறகு சாவியைப் பார்த்துக்கொண்டு, "ஆனா உங்க பேரை எடுத்தா எழுந்து வெளிய போயிடறார். நாங்க இனிமே இங்க வர மாட்டோம். தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லம்மா" என்றார் அக்தர்.

இப்போது சத்தம் என்று யார் வந்தாலும், தனக்குக் காது சரியில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். சிலர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர் தடுப்பதில்லை.

சாலமோன் இறந்து ஒரு வருடம் ஆன அன்று காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். ஆஸ்டினும் ஈவ்லினும் உள்ளே நின்று பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். அக்தர் கேட்டுக்கு வெளியே சற்று நேரம் நின்றார். அவர்கள் திரும்புவதற்குள் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்துவிட்டார்.