நெல்லிவாசல்நாட்டுக் காட்டைத் தானமளித்த மன்னன்

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு எழுபத்தெட்டு வயது, நான்கு மாதம். காற்று வாங்க மலையேறும் பருவமன்று. நெல்லிவாசல்நாட்டுச் சிற்றூர் ஒன்று, தான் உழும் நிலத்துக்கு வன உரிமை கேட்டிருக்கிறது, செவ்வாயன்று விசாரணை. "மாமன்னர் இக்காட்டை இம்மக்களுக்குத் தானமளித்தார், எல்லைக் கல்லே சான்று" என்கிறது மனு. கல்வெட்டுப் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என்னிடம், கல்லைப் படித்துச் சான்றளிக்கும்படி அவர்களுடைய வழக்கறிஞர் கேட்டார்.

ஆலங்காயத்தில் காலை 7.10க்கு ஷேர் ஜீப், அறுபது ரூபாய். ஒன்பது பேர் அமரும் வண்டியில் பதினான்கு பேர், கிளம்பியது 7.50க்கு. முழங்காலில் யாருடைய புளிமூட்டையோ இருக்க, வழக்குக் கட்டைப் புரட்டினேன். கட்சித் துண்டறிக்கையில் மன்னர் சமூகநீதிக் காவலர். சட்டக் கட்டுரையில் அரசியலமைப்பின் முன்னோடி. எவரும் கல்லைப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொருவரும் முந்தையவரின் அடிக்குறிப்பைக் காட்டிவிட்டு நகர்ந்திருக்கிறார்கள்.

"ராஜா கல்லா? இன்னாமா சொல்றீங்க, அது எங்க வேடியப்பன் சாமியாச்சே!" என்றார் ஓட்டுநர்.

இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் ஏற்றம். எனக்கு ஐம்பது நிமிடம். கல் முழுக்க எண்ணெயும் மஞ்சளும். அதற்குப் பூசை செய்யும் குப்பம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தொடைங்க. ஆனா திரும்ப நீங்களேதான் எண்ணெ வைக்கணும். சாமிய அம்போன்னு வுட்டுட்டுப் போய்டாதீங்க."

துடைத்துப் படித்தேன். இன்ன மன்னனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், மாடு மீட்டு மடிந்தவனுக்கு நட்ட கல். அவ்வளவே. மன்னன் அங்கே வெறும் தேதி.

"அப்போ ராஜா குடுக்கலயா?"

"இல்லை."

"அவுரு இன்னாத்துக்குக் குடுக்கணும்? எங்காளுங்க வெட்டித் திருத்துன கொல்லை. ராஜாவா வந்து சாமை வெதச்சாரு?" சிரித்தவள் சட்டென நிறுத்தினாள். "செவ்வாக்கெழம தோத்துருவோமா?"

தோற்க வேண்டியதில்லை. வன உரிமைச் சட்டம் மன்னரைக் கேட்கவில்லை. தலைமுறைகளாக உழுததையும், மூத்தோர் வாக்குமூலத்தையும், வழிபடும் இடத்தையும்தான் கேட்கிறது. அவள் சொல்லச் சொல்ல எழுதி, ரேகை வாங்கினேன். எண்ணெயும் வைத்தேன். சிக்னல் கிடைத்த வளைவில் நின்று, மன்னரை நீக்கும்படி வழக்கறிஞரிடம் சொன்னேன்.

"மேடம், ராஜா இருந்தா கெத்தா இருக்குமே! எல்லா புக்குலயும் இருக்குதே!"

போகிறவர்களுக்கு: தண்ணீர் கொண்டு செல்லுங்கள். கல்லைத் தொடுமுன் கேளுங்கள். கடைசி ஜீப் 3.30க்கு; காத்திருக்காது.

அந்த அடிக்குறிப்புகள் எல்லாம் ஓர் ஆய்வேட்டில் போய் முடிகின்றன. அது என்னுடையது. அதை எழுதிய ஆண்டில் ஆலங்காயம்வரை வந்தேன், ஜீப் கிடைக்கவில்லை, கல்லைப் பார்க்காமலே திரும்பி, பார்த்ததாக எழுதினேன். இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. குப்பம்மாளின் வாக்குமூலத்துக்கு அடியில் இதையும் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன்.