இரண்டு வீட்டிலும் வெட்டிய பெயர்

சாய்ந்தமருதில் பள்ளிக்கூட வாசலை விட்டு வடக்கே நடந்துகொண்டிருந்தேன். வாக்குப் போட வரிசையில் நின்று, அடையாள அட்டையை நீட்டி, "உங்கட பேர் வாக்காளர் இடாப்பில இல்ல" என்று சொல்லக் கேட்டுவிட்டு வந்த நடை. முப்பத்தைந்து வயதாகியும் ஒரு தேர்தலிலும் நான் வாக்குப் போட்டதில்லை. எப்போதும் வேறு ஊரில் வேலையாக இருப்பேன். இம்முறை அதற்காகவே திருகோணமலையில் மேசன் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன்.

வழியில் மாமியின் வீடு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீட்டுக்கு வரும் இடாப்புப் படிவத்தில் வீட்டுக்காரர் எழுதும் பெயரும் கூடவே போகும். அவர் மகளும் நானும் பிரிந்து இரண்டு வருடம்.

என் பெயரைக் கேட்டதும் மாமி வாசல் கேற்றடியில் நின்று சொன்னார்: "ஓம், நான்தான் வெட்டச் சொன்னன். இல்லாத மனிசன இரிக்கான் எண்டு எழுதினா அல்லாஹ்ட்ட நானா பதில் செல்லுற? வெயிலுக்க வந்திரிக்காய், தண்ணியக் குடிச்சிட்டுப் போ."

குடித்தேன். பாண்டிருப்பைத் தாண்டி மருதமுனைக்கு நடந்தேன். உம்மாவின் வீடு இப்போது மூத்தவள் ராத்தாவுடையது. பழைய பெயர் அங்கே மிஞ்சியிருந்தால், வாக்களிப்பு முடியும் நாலு மணிக்குள் போட்டுவிடலாம்.

ராத்தாவின் மாப்பிள்ளை தறியில் இருந்தார். விரலில் வாக்குப் போட்ட மை.

"மச்சான், என்ட பேர் இங்க இரிக்கா?"

"உன்ட கலியாணச் சோறு செமிக்க முந்தியே வெட்டிட்டன்டா. ரெண்டு ஊட்டிலயும் உனக்கு ஓட்டா?"

நேர்மையில் ஒருவரை ஒருவர் விஞ்சியிருந்தார்கள். நடுவில் நான் ஆளே இல்லாமல் போயிருந்தேன்.

ராத்தா தேத்தண்ணீர் கொண்டுவந்து, "அடுத்த முறை படிவம் வந்தா இங்க எழுதுவம்" என்றார்.

"எழுதலாம். ஆள் இரிக்கணுமே," என்றார் மச்சான். "செருப்பக் கழட்டாமத் தேத்தண்ணி குடிக்கிற ஆளுக்கு எந்த ஊட்டு இலக்கத்தப் போடுற?"

குனிந்து பார்த்தேன். செருப்பு காலில்தான் இருந்தது. நாலு மணியும் ஆகிவிட்டது.

மறுநாள் காலை சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலைக்குப் போனேன். அவித்த நெல்லைக் களத்தில் காயப்போட்டுக் கிளறும் வேலை, பின்னால் படுக்க ஓர் அறை. சம்பளத்துக்கு முதல் நான் கேட்டது, இடாப்புப் படிவம் வந்தால் என் பெயரையும் எழுதுவாரா என்று.

முதலாளி என் காலைப் பார்த்தார். "அதுவரைக்கும் நீ நிண்டு காட்டு, எழுதுறன்."

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் களத்தில் இறங்கினேன். சீமெந்து அப்போதே சுட்டது.