காட்சிக்கு மூன்று பேர்

மூணாறுக்குப் பக்கத்தில் அம்மா வேலை பார்த்த எஸ்டேட்டில் பழைய துரை பங்களாவை விடுதியாக மாற்றியபோது நான் நான்காம் வகுப்பு. முழங்கால் போய் கொழுந்து பறிக்க முடியாத அம்மாவுக்கு அங்கே அறை துடைக்கும் வேலை கிடைத்தது. வேலை இருக்கும்வரைதான் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு சித்திரம் தொங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எவரோ வரைந்ததன் அச்சுப் பிரதி. பழுப்பு மையில் கோடுகள், மேலே தண்ணீராய்க் கரைத்த சாம்பல் நிறம், மலை, ஆறு. விடுதியில் தங்கியிருந்த ஓவிய ஆசிரியை ஒருவர் அதை மேனேஜருக்கு விளக்கினார். முன்னால் நிற்கும் மரத்தை அடர்த்தியாகத் தீட்டிவிட்டு, பின்னால் போகப் போக மையில் தண்ணீரைக் கூட்டினால் தூரம் தானாக வந்துவிடுமாம்.

"இந்தச் சின்ன ஆளுங்களைப் பாருங்க. ரெண்டு இழுப்புதான், முகம்கூட இல்ல. ஆனா இவங்க இல்லேன்னா மலை எவ்வளவு பெரிசுன்னே தெரியாது."

மேனேஜர் புத்திசாலி. மறுவாரமே, மாலைத் தேநீர் வேளையில் வராந்தாவுக்கு எதிர்ச்சரிவில் கூடை மாட்டிய மூன்று பெண்கள் நிற்க வேண்டும் என்று உத்தரவானது. சரிவில் ஏறக் கால் வராதே என்று மூவரில் ஒருத்தியான அம்மா தயங்கினாள்.

"பறிக்க ஒண்ணும் வேண்டா. மலைப் பக்கம் பார்த்து அசையாம நின்னா மதி, கேட்டோ" என்றார் அவர் பாதி மலையாளத்தில்; நின்றால் போதுமாம். முடியாவிட்டால் வேறு ஆள் வருவாள் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

முதல் நாளே மழை. வெறுங்கூடையோடு மூவரும் நனைந்தபடி நின்றார்கள். விருந்தினர்கள் பஜ்ஜி தின்றுகொண்டே படமெடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் தங்கியிருந்த அந்த ஆசிரியையிடம், "நடுவுல நிக்கது எங்கம்மா!" என்றேன். "அப்படியா! ரொம்ப அழகா இருக்கு" என்றார், மலையைப் பார்த்து. நான் கைப்பிடிக் கம்பியில் ஏறி நின்று, "யம்மா! யம்மோவ்!" என்று கத்தினேன். மற்ற இருவரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். அம்மா திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சண்டை பிடித்தேன். அம்மா வெந்நீரில் நனைத்த துணியை முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"கூப்ட்டது கேக்கலையா?"

"கேட்டுச்சுட்டி."

"பொறவு ஏன் திரும்பல? அவுக ரெண்டு பேரும் திரும்புனாகல்ல?"

"மேனேஜர் வைவாருல்லா."

நான் நம்பினேன். எங்கம்மா சரியான பயந்தாங்கொள்ளி என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். அன்று சரிவில் கூட நின்ற இருவரில் ஒருத்தியான அத்தை, அம்மா இறந்த பிறகுதான் ஒருநாள் சொன்னாள்: "ஒங்கம்மா மேனேஜருக்கா பயந்தா? அவ அழுதுகிட்டுல்ல நின்னா."

அழுத முகத்தை மகளுக்குக் காட்டக்கூடாது என்று ஒருத்தி மழையில் முதுகைக் காட்டி நிற்பாள் என்பது, கம்பியில் ஏறிக் கத்தியவளுக்கு எப்படித் தெரியும்?