போலகத்துக் குளநெல்

மார்கழி பிறந்தால் எனக்கு வீட்டில் கால் தரிக்காது. குளநெல் முற்றுகிற மாதம் அது. வயல் நெல் முற்றினாலும் அரிவாள் வரும்வரை கதிரிலேயே காத்திருக்கும். குட்டைகளில் தானாக முளைக்கிற இந்தக் காட்டு நெல்லுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது; முற்றிய மணி உடனே தண்ணீரில் உதிர்ந்துவிடும். என் குணத்துக்கு ஏற்ற பயிர்தான் எனக்கு வாய்த்திருக்கிறது என்று கணவர் கேலி செய்வார்.

எழுபதுகளின் கடைசியில் காரைக்காலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். வந்த கையோடு இந்த நெல்லை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டேன். பூவத்திலிருந்து பட்டினச்சேரி வரை குட்டை குட்டையாக இறங்கி, கதிர்களில் மெல்லிய துணிப்பை கட்டிவிட்டு வருவேன். சில நாள் கழித்துப் போய், பைக்குள் உதிர்ந்திருப்பதை ஒரு செடிக்கு ஓர் உறை என்று பிரித்துப் போட்டு, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போவேன். அந்தப் பக்கம் மதுவிலக்கு. சோதனைச் சாவடியில் பாட்டில் தேடி என் பையைக் குடைகிற போலீஸ்காரர், உள்ளே புல்லும் பதருமாக இருப்பதைக் கண்டு முகம் சுளிப்பார். எனக்குச் சிரிக்கக்கூட நேரம் இருக்காது. அடுத்த குட்டையில் மணி உதிர்ந்துகொண்டிருக்கும்.

ஏன் இத்தனை பாடு என்றால், அந்தச் செடிகளில் ஒன்று உப்பைத் தாங்கும், ஒன்று மூழ்கிக் கிடந்தும் பிழைக்கும், ஒன்றைப் புகையான் பூச்சி தொடாது. எது எதைத் தாங்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அழகானது, அசிங்கமானது, மணி பிடிக்காத சாவி மாதிரி இருப்பது என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்தால்தான் அந்தக் குட்டையையே எடுத்து வைத்ததாகும்.

ஒரு வருடம் நான் உயிரை விட்டது போலகத்துக் குட்டை ஒன்றுக்காக. கடல் உப்பு ஏறிய தண்ணீரிலும் அங்கே குளநெல் தழைத்து நின்றது. பொங்கல் கழிந்ததும் அதைத் தூர்த்து மனை போடப்போவதாகப் பேச்சு. விடாத மழையில் போய் எடுத்து வந்தேன். உறைகளெல்லாம் நனைந்திருந்தன. உலர்த்துவதற்குள் ஆய்வுக்கூடத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். மாமியாரிடம், "விதை அத்தை, பத்திரமா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமனார் போன பிறகு நிலத்தைத் தனியாகக் கட்டி ஆண்டவர் அவர். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் விதைநெல்லுக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள், ஏனென்றால் அவர் விதையில் கலப்பே இருக்காது. முறத்தில் நெல்லைப் பரப்பினால் வேற்று மணி ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்தான் என் குடியைக் கெடுத்தது.

போகிக்கு முந்தின நாள் திரும்பி வந்தேன். மாமியார் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து பெருமையாக என் கையில் கொடுத்தார்.

"ஈரத்துல பூசணம் பிடிச்சிருந்துச்சும்மா. எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிக் காயவச்சுத் தூத்தினேன். கருப்பு, வாலு நீட்டிக்கிட்டு இருந்தது எல்லாத்தையும் கழிச்சுட்டு, நல்லதாப் பொறுக்கி வச்சிருக்கேன்."

திறந்து பார்த்தேன். வெளுப்பாக, கொழுகொழுவென்று கொஞ்சம் மணி. பக்கத்து வயல் நெல்லோடு கலந்து பிறந்தவை அவை. வாலும் கருப்புமாக இருந்த அசல் குளநெல் முழுவதும் கொல்லை எருக்குழியில் கிடந்தது, அதன் மேல் சாணியும் சாம்பலும் மழையும். முழங்கை வரை விட்டுத் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை. வாய்க்கு வந்தபடி கத்தினேன். அம்மா வேண்டுமென்றா செய்தார்கள் என்று கணவர் குறுக்கே வந்தார், அவருக்கும் விழுந்தது. மாமியார் மட்டும் ஒன்றும் புரியாமல் நின்றார்.

"விதைன்னு சொன்ன. விதைன்னாப் பொறுக்கறதுதானேம்மா?"

அன்றைக்கே போலகத்துக்கு ஓடினேன். பொங்கல் வரைக்கும்கூட அவர்கள் காத்திருக்கவில்லை. குட்டை இருந்த இடத்தில் லாரி மண்ணைக் கொட்டிவிட்டுப் பின்வாங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு பல மாதம் நான் நானாக இல்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். வேறு குட்டைகள் இருக்கின்றனவே என்று ஆறுதல் சொன்னவர்களைக் கண்டாலே எரிச்சல் வந்தது. மாமியாரோடு பேச்சு, சாதம் போடட்டுமா, விளக்கேற்றியாச்சா என்பதோடு நின்றுபோனது. அவர் மேல் கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த வீட்டில் எல்லாம் துப்புரவாக இருந்ததே என்னால் தாங்க முடியவில்லை.

ஆவணியில் ஒரு நாள் நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, மாமியார் வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்து வாசலில் நின்றார்.

"நீ அழுத குப்பை நாத்தங்கால்ல மொளச்சிருக்கும்மா."

எருக்குழியை வெட்டி, நாற்றங்கால் மூலையில்தான் கொட்டியிருந்தார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்த மூலையில் மட்டும் நாற்று ஒரு மாதிரியாக நின்றது. அடி சிவந்தவை, சிவக்காதவை, நோஞ்சான்கள், படர்ந்து சாய்ந்தவை. நடுவே அவருடைய விதைநெல் நாற்றும் கலந்திருந்தது. போலகத்துக் குட்டை சேற்றுக்குள் ஒளிந்திருந்து எழுந்து வந்திருந்தது.

ஆனால் அதைக் கொண்டுபோய் வைக்கக் கொல்லையில் இருந்தவை மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற சிமெண்ட் தொட்டிகள் மட்டுமே. அந்த மூலை நாற்றில் பாதிகூட அவற்றில் கொள்ளாது. மிச்சத்தை விட்டுவையுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலே அவர் சொல்லிவிட்டார்.

"வேணுங்கறத எடுத்துக்க. மிச்சத்த மிதிச்சு அமுக்கிடுவேன். நட்டா என் வெதை பூராக் கலந்து போயிரும்."

இருவரும் சேற்றில் இறங்கினோம். தரம் பார்க்காமல் கைக்கு வந்ததை எடுக்க வேண்டும், அப்போதுதான் எல்லாவற்றிலும் கொஞ்சம் வரும் என்றேன். அவர் தலையாட்டினார். குனிந்ததுமே கை நேராகத் திடமான நாற்றுக்குப் போனது. "அத்தை, பொறுக்குறீங்க" என்றேன். விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்தார். அதுவும் நல்ல நாற்று. சிடுசிடுவென்று ஏதோ சொல்ல வாயெடுத்தவள் என் கூடையைப் பார்த்தேன். அதில் இருந்தவை அத்தனையும் அசல் குளநெல்லாகத் தெரிந்த அடி சிவந்தவை. நானும் எனக்குப் பிடித்ததைத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அவரும் என் கூடையைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"கண்ணு இருக்கறப்ப கை எப்பிடிம்மா சும்மா இருக்கும்?" என்றார்.

பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கண்ணை இறுக மூடினார். ஊரே நம்பி விதை வாங்கிய கண். குனிந்து, சேற்றைத் துழாவி, ஒரு பிடியைப் பறித்து வேரை அலசினார். அதில் அவருடைய சொந்த நாற்றும் இருந்தது, நோஞ்சானும் இருந்தது, சிவப்பும் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

"கூடையக் கிட்ட வைம்மா" என்றார்.