நாவல் மரத்துக்கு விரித்த சேலை

என் வீட்டுக் கொடியில் ஒரு பழைய வாயில் சேலை காய்ந்துகொண்டிருக்கிறது. வாங்கும்போது எலுமிச்சை மஞ்சள். இப்போது உடம்பு முழுக்க ஊதாத் திட்டுகள். நாவல் கறைக்கு எந்த சோப்பும் லாயக்கில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண் தரை துடைக்கக் கேட்டுப் பார்த்துவிட்டாள், நான் கொடுக்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை துவைத்து மடித்து வைக்கிறேன். ஒவ்வொரு முறையும் எதிர்வீட்டு டீச்சர் ஞாபகம் வருகிறது, கூடவே வயிறும் எரிகிறது.

அடையாற்றில் இந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிதில் எனக்கு ஒரு ஈ காக்காயைக்கூடத் தெரியாது. பாங்குக்குப் போவேன், வருவேன், கதவைச் சாத்துவேன். எதிர்வீட்டு டீச்சர்தான் முதலில் கேட்டைத் தட்டினார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஞாயிறு பூசை முடிந்து வந்த நேரம், கையில் ஜெபமாலைகூட இருந்தது. பழைய சேலை ஒன்று இருக்குமா என்று கேட்டார். கொண்டுபோய் நீட்டினால், சேலையின் ஒரு முனையை என் கையிலேயே திணித்தார்.

"இழுத்துப் பிடிக்காதம்மா. தொய்வா விடு. விறைப்பா இருந்தா பழம் துள்ளி வெளியே போயிடும்."

அவர் வீட்டு வாசலில், தெரு ஓரத்தில் நின்றது அந்த நாவல் மரம். ஆனி பிறந்தால் தெருவே வழுக்கும். அத்தனை பழமும் செருப்பில் நசுங்கி வீணாகிக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து ஒருவர் துரட்டியால் கிளையை உலுக்குவார். கீழே நாலு பேர் சேலையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தபடி நகர்வோம். பழம் பொலபொலவென்று கொட்டும். டீச்சர் ஒரு சட்டம் வைத்திருந்தார்: சேலையில் விழுந்தது மனுஷருக்கு, தரையில் விழுந்தது அணிலுக்கும் எறும்புக்கும். யாராவது ஆசைப்பட்டுக் குனிந்தால் தொலைந்தார்கள். சேர்ந்த பழத்தைக் கழுவி, உப்புப் பொட்டலத்தோடு பின் தெரு வாடகை அறைகளுக்குக் கொண்டுபோவோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்கியிருக்கும் வெளியூர்க்காரர்கள் அங்கே இருந்தார்கள். ஊதா நாக்கை நீட்டி ஒருவருக்கொருவர் காட்டிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே நான் வருடம் முழுக்கக் காத்திருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. எனக்குத் தெருவும் கிடைத்தது, டீச்சரும் கிடைத்தார்.

பிறகு டீச்சரின் மகன் வெள்ளைக் கார் வாங்கினார். நிறுத்த வேறு இடமில்லை, மரத்தடிதான். பழமும் மைனா எச்சமும் காரை ஒரு வழி பண்ணின. "கழுவினா போச்சு" என்பார் டீச்சர். நானும் நம்பினேன்.

அடுத்த கோடையில் ஒரு செய்தி பரவியது: யாரோ மாநகராட்சியில் மனு கொடுத்திருக்கிறார்களாம், மரம் சாயப்போகிறதாம், அதை வெட்டப்போகிறார்களாம். எனக்குத் தூக்கம் போயிற்று. வெட்டக்கூடாது என்று ஒரு மனு எழுதி வீடு வீடாக ஏறி இறங்கினேன். முதல் கையெழுத்து டீச்சருடையது. வெயிலில் குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். போன இடமெல்லாம் மோர் குடித்தோம். "எந்தப் படுபாவி வேலையோ" என்று நான் வாய்விட்டுத் திட்டியபோதெல்லாம் அவர் குடையை என் பக்கம் சாய்த்து, "வெயில்ல கத்தாதம்மா" என்பார். என் உடம்பின் மேல் என்ன அக்கறை என்று உருகிப்போனேன்.

மனுவுக்குப் பதில் வருமுன்பே ஆட்கள் ரம்பத்தோடு வந்துவிட்டார்கள். நானும் டீச்சரும் கேட்டருகே நின்றிருந்தோம். நான் குறுக்கே போய்த் தடுக்க வாய் திறப்பதற்குள், அவர்களில் மூத்தவர் என்னைத் தாண்டி டீச்சரைப் பார்த்துச் சொன்னார்:

"இன்னா டீச்சரம்மா, நீங்க சொன்னாப்ல காய்க்கறதுக்கு முன்னாடியே வந்துட்டோம். வண்டிய மட்டும் கொஞ்சம் தள்ளி வுடச் சொல்லுங்க. கிளை வுயுந்தா கண்ணாடி பூடும்."

டீச்சர் என் பக்கம் திரும்பவில்லை. உள்ளே பார்த்து மகனைக் கூப்பிட்டார். கார் நகர்ந்தது. மதியத்துக்குள் மரம் துண்டு துண்டாக லாரியில் ஏறிவிட்டது. சாயங்காலம் அவர் என் வாசலுக்கு வந்து, மகன் தினமும் சண்டை போட்டதையும், வீட்டில் நிம்மதியே இல்லாமல் போனதையும் சொன்னார். கடைசியில், "உன்கிட்ட சொல்லியிருந்தா நீ விட்டிருக்க மாட்ட" என்றார்.

உண்மைதான், விட்டிருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஒருவேளை தோற்றும் இருப்பேன். மகனுக்காக ஒரு தாய் மரத்தை விட்டுக்கொடுத்தாள் என்றால் அது எனக்குப் புரிந்துவிடும். அந்தக் குடைதான் புரியவில்லை. என்னைத் தெருத்தெருவாக அலையவிட்டு, கூடவே நடந்து, எனக்கு நிழல் பிடிக்க எப்படி மனசு வந்தது? நான் திட்டத் திட்ட, அந்த மோர் எப்படித் தொண்டையில் இறங்கியது?

இப்போது வாசலில் வெயில் மொட்டையாக விழுகிறது. வெள்ளைக் கார் பளபளவென்று நிற்கிறது. இன்று காலை டீச்சர் கேட்டைத் தட்டினார். முகத்தில் அதே பழைய சிரிப்பு.

"அடுத்த தெருவுல ஒரு மரம் கொட்டோ கொட்டுனு கொட்டுதும்மா. அந்தச் சேலையை எடுத்துட்டு வா. உன் முனைக்கு ஆள் இல்ல."

"சேலை கிழிஞ்சுபோச்சு டீச்சர்" என்றேன்.

என் தோளுக்குப் பின்னால் கொடியில் அது முழுசாக விரிந்து காய்ந்துகொண்டிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பொய் என்று அவருக்குத் தெரியவேண்டும் என்றுதான் நான் நகர்ந்து மறைக்கவில்லை.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.