ஈட்டிமரப் பிடி போட்ட பிஸ்டல்

இரவுக் காவல்காரனுக்கு ராத்திரி எப்படியோ ஓடிவிடும். பகலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் பெரும்பாடு. என்னைப் போலவே பகலில் தூக்கம் வராமல், கையும் சும்மா இருக்காமல், ஒழுங்காக இருக்கிற சாமானைப் பிரித்துப் போட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விரிசல்

ஒரகடம் பக்கம் ஓர் இரும்பு வார்ப்புக் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது என் பிஸ்டலுக்காக. சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் உள்ள காவலாளிதான் வேண்டும் என்றார்கள். பட்டாளத்திலிருந்து வந்த என் மாமனார் இறந்தபின், அவர் வைத்திருந்த வெள்ளைக்காரன் காலத்துப் பிஸ்டல் என் பேருக்கு மாறியிருந்தது. லைசென்ஸ் போனால் வேலை போகும். வேலை போனால் கம்பெனி கொடுத்த வீடும் போகும்.

அதன் கறுப்புக் கைப்பிடியில் ஒரு விரிசல். வியர்வை பட்ட இடமெல்லாம் துருப்புள்ளி. பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கெட்டுப்போகும். ஒருநாள் காலை குண்டுகளைத் தனியே பூட்டிவிட்டு, பிஸ்டலைக் கழற்றிப் பாயில் பரப்பினேன். பழைய பிடியை எடுத்து ஓரமாக வைத்தேன். துருவெல்லாம் போக எமரி பேப்பர் போட்டுத் தேய்த்தேன். என் மனைவி மரகதம் முறத்தோடு வந்து நின்றாள்.

"எங்கப்பா அத்தினி வருசம் வச்சிகினு இருந்தாரு, ஒருநாளும் அதுக்கு சிங்காரம் பண்ணல. உனுக்கு இன்னாயா வந்துச்சு?"

பேட்டர்ன் ஷாப் புத்தி

வார்ப்புக் கம்பெனியில் எதையும் முதலில் மரத்தில் செய்வார்கள். அதை மணலில் அழுத்தி எடுத்தால் விழுகிற பள்ளத்தில்தான் இரும்பைக் காய்ச்சி ஊற்றுவது. மரத்தில் சின்ன ஓட்டை இருந்தாலும் மணல் பிய்ந்துவிடும். ஆகவே ஆணித் தலை, ஸ்க்ரூத் தலை எல்லாவற்றின் மேலும் மரத்தை அடைத்து, வழவழவென்று இழைத்துவிடுவார்கள். பேட்டர்ன் ஷாப் என்கிற அந்த மரவேலைப் பிரிவில் இருக்கும் தேவராஜுதான் எனக்கு ஈட்டிமரத் துண்டு கொடுத்தான். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் கையைப் பார்த்தே பிடித்துக்கொண்டேன்.

நான் செதுக்கிய பிடி உள்ளங்கையில் உட்காரும்படி அடிப்பக்கத்தையும் சுற்றி வந்தது. ஸ்க்ரூ போட்டதோடு விடாமல் பிசினும் தடவினேன். ஸ்க்ரூத் தலை கண்ணை உறுத்தியது. அதன் மேல் மரத்தை அடைத்து, இழைத்து, அரக்குப் பாலிஷ் போட்டேன். என் வாழ்க்கையில் வேறெதுவும் அவ்வளவு ஒழுங்காக முடிந்ததில்லை. தேவராஜு அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நகம் வச்சா கூட சிக்கலயே மாமே! இனிமே இத்த ஒடச்சாதான் உண்டு."

நம்பர்

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பிள்ளைப்பாக்கத்து விவசாயி ஒருவர் தன் இரட்டைக்குழலைக் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஏட்டு என் பிஸ்டலைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார்.

"நம்பர் எங்கய்யா?"

நம்பர் கைப்பிடியின் அடியில், இரும்பில் வெட்டியிருந்தது. இப்போது அது மரத்துக்கு உள்ளே.

சில நாள் முன்னால்தான் சுங்குவார்சத்திரம் பக்கம் நம்பரை அழித்த துப்பாக்கியோடு ஒருவன் சிக்கியிருந்தான். இன்ஸ்பெக்டர் எழுந்தே வந்துவிட்டார்.

"நம்பர அரத்தால ராவிட்டு மேல கட்டைய ஒட்டிட்டு வந்திருக்கியா?"

"இல்லீங்கய்யா, சும்மா அழகுக்கு..."

"அழகுக்கா? இதுக்கென்ன மாப்பிள்ளை பாக்கறியா?"

பெஞ்சில் இருந்தவர் என்னைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

மரத்தை உடைத்தால் நம்பர் தெரிந்துவிடும் என்று நினைத்தபோதுதான் அது ஞாபகம் வந்தது: துருவை எடுக்கிறேன் என்று அந்த அடிப்பக்கத்தையும் எமரியால் தேய்த்திருந்தேன். உள்ளே நம்பர் மிச்சம் இருக்கிறதா என்பது எனக்கே தெரியாது.

சுத்தியும் ஸ்க்ரூ டிரைவரும் கொண்டுவந்தார்கள். "நானே உடைக்கிறேங்கய்யா" என்றேன். முதல் அடிக்கு மரம் அசையவில்லை. பாழாய்ப்போன என் கைத்திறன்! அடுத்த அடிக்கு ரேகையோடு பிளந்து சிதறியது. ஏட்டு பிசினைச் சுரண்டிவிட்டு, டூட்டி போர்டுக்கு எழுதும் சாக்பீஸை இரும்பின் மேல் தேய்த்தார். வெட்டுக்குள் வெள்ளை ஏறி எண்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. கடைசி எண்ணில் நின்றுவிட்டார்.

"மூணா எட்டா, தெரியலீங்க ஐயா."

லைசென்ஸில் எட்டு. இன்ஸ்பெக்டர் பிஸ்டலை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நான் என் வீட்டின் ஓடு, கதவு, அடுப்பு எல்லாவற்றையும் மனசுக்குள் காலி செய்துகொண்டிருந்தேன்.

"எட்டுதான், பொழச்ச. இனிமே கை அரிச்சா வீட்டுக் கதவுக்குப் பாலிஷ் போடு, போ."

தேர்தல் முடிந்து திரும்பிய பிஸ்டலுக்குப் பழைய விரிசல் பிடியையே மாட்டிவிட்டேன். வீட்டுக் கதவோ கண்ணாடியாக மின்னுகிறது, அதன் தாழ்ப்பாளைத்தான் மரகதம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.